பழைய அம்பாசடருக்கு மாற்று ரேடியேட்டர்: தேர்வு முதல் பொருத்தும் வரை முழு வழிகாட்டி

வண்டி கொதிக்கிறது என்றதும் பழி முதலில் ரேடியேட்டர் மேல்தான் விழும். சில நேரம் அது நியாயம், பல நேரம் அநியாயம். மாற்றித்தான் ஆக வேண்டும் என்று உறுதியான பிறகும் "பெரிசா ஒண்ணு போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு வருவது காசைக் கரைக்கும் வழி. இங்கே சொல்வது 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் உள்ள அம்பாசடரை மனதில் வைத்து. பிரீமியர் பத்மினி, மெட்ராஸில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், மோரிஸ் மைனர் ஆகியவற்றுக்கும் முறை இதுவே, அளவுகள் மட்டும் மாறும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். மேல், கீழ் டேங்குகள் நன்றாக இருந்தால் அவற்றையே வைத்துக்கொண்டு கோரை, அதாவது நடுவில் டியூப்களும் மெல்லிய ஃபின் தகடுகளும் சேர்ந்த பகுதியை, மட்டும் புதிதாகப் போடுவதுதான் முதல் தேர்வு. செம்பு, பித்தளையில் செய்த புது ரேடியேட்டர் இரண்டாவது. அலுமினியம் மூன்றாவது, அதுவும் சில நிபந்தனைகளோடு.

ரேடியேட்டர்தான் குற்றவாளியா?

எப்போது சூடேறுகிறது என்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். சிக்னலில் நிற்கும்போது ஏறி, ஓடத் தொடங்கியதும் முள் இறங்கினால் கோளாறு காற்றோட்டத்தில்: தளர்ந்த ஃபேன் பெல்ட், திருப்பி மாட்டிய ஃபேன், கோருக்கு முன்னால் அடைத்த தூசி. இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருந்தாலும் நின்ற இடத்தில் சூடேறும். நேர்மாறாக, ஊருக்குள் ஒழுங்காக இருந்து, நெடுஞ்சாலையில் 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் போகப்போகச் சூடு ஏறினால் கோர் அடைப்பைச் சந்தேகிக்கலாம். கீழ் ஹோஸ் உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொண்டாலும் இதே அறிகுறிதான். வாட்டர் பம்ப் உறிஞ்சும் பக்கம் அது. அதனால்தான் சில கார்களில் அந்த ஹோஸுக்குள் கம்பிச் சுருள் இருக்கும். துருப்பிடித்து உதிர்ந்த சுருளைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு போடாமல் விட்டால், ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஹோஸ் சப்பையாகிவிடும். ஒருவர் எஞ்சினை வேகமாக்க, இன்னொருவர் பார்த்தால் தெரிந்துவிடும்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஒரு நிமிடத்துக்குள்ளாகவே குமிழிகள் விடாமல் வந்தால் சிலிண்டர் ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கட்டைப் பாருங்கள். எந்த ரேடியேட்டரும் அதைச் சரிசெய்யாது. சூட்டுக்கேற்பத் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, கயிற்றில் கட்டி வெந்நீரில் தொங்கவிட்டு, அதில் பொறித்திருக்கும் வெப்பநிலையில் திறக்கிறதா என்று பாருங்கள். நம் மெக்கானிக்குகள் 'வால்வு' என்று சொல்லி அதைக் கழற்றி எறிந்துவிட்டிருக்கவும் வாய்ப்புண்டு. அது இல்லாமல் ஓடும் எஞ்சின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டர் தேய்மானமும் கூடும். அடைப்புள்ள ரேடியேட்டரை மறைக்க உதவும் தந்திரம், அவ்வளவுதான். 82 டிகிரி தெர்மோஸ்டாட் பொதுவானது. வெயில் ஊர்களுக்கு 74 டிகிரி வகையும் உண்டு.

கோரைச் சோதிக்க இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் போதும். எஞ்சின் நன்றாகச் சூடானபின் நிறுத்திவிட்டு, கோர் முகத்தின் குறுக்கே இடமிருந்து வலமாக அளந்துகொண்டே போங்கள். அம்பாசடரில் தண்ணீர் மேலிருந்து கீழாக ஓடுகிறது. ஆகவே செங்குத்தாக ஒரு பட்டை மட்டும் குளிர்ந்திருந்தால் அந்த டியூப்கள் அடைத்துவிட்டன என்று பொருள். பளபளக்கும் பித்தளையில் இந்தக் கருவி தவறாகக் காட்டும், கறுப்புப் பூச்சுள்ள இடத்தில் அளக்க வேண்டும்.

இன்னொரு சோதனைக்குக் கருவியே வேண்டாம். ஃபின்னை நகத்தால் மெல்ல அழுத்துங்கள். பொடிந்து உதிர்ந்தாலோ, டியூபிலிருந்து கழன்று ஆடினாலோ அந்தக் கோரின் ஆயுள் முடிந்தது. ஒழுகாமல் இருக்கலாம், ஆனால் டியூபிலிருந்து ஃபின்னுக்குச் சூடு போக வழியில்லை. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் வெயிலிலும் உப்புக்காற்றிலும் நின்ற வண்டிகளில் இது அடிக்கடி காணும் காட்சி.

கழற்றுவதற்கு முன் அளந்துகொள்ள வேண்டியவை

"அம்பாசடர் ரேடியேட்டர்" என்று கேட்டால் கடைக்காரர் ஒன்றைத் தூக்கிக் கொடுத்துவிடுவார். 1489 பெட்ரோல், 1489 டீசல், பிறகு வந்த 1.8 இசுசூ பெட்ரோல், 2.0 டீசல் என்று பல எஞ்சின்கள் இந்த ஒரே உடலுக்குள் வந்திருக்கின்றன. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் இறக்கிய வண்டிகளும் ஏராளம். ஆர்.சி. புத்தகத்தையோ தயாரிப்பு ஆண்டையோ நம்பாமல், பானட்டுக்குள் இப்போது இருக்கும் எஞ்சினையும் கையில் இருக்கும் ரேடியேட்டரையும் அளப்பதே பாதுகாப்பு.

கோரின் உயரம், அகலம், தடிமன் மூன்றையும் டேங்க் சேராமல் மி.மீ. கணக்கில் குறியுங்கள். மேல் டேங்க் உச்சியிலிருந்து கீழ் டேங்க் அடி வரையுள்ள மொத்த உயரம் தனி. பக்கவாட்டு இரும்புத் தகட்டிலுள்ள போல்ட் துளைகளின் மையத்திலிருந்து மையத்துக்கு உள்ள தூரம், ஹோஸ் குழாய்களின் வெளி விட்டம், அவை நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி, எந்தக் கோணத்தில் இருக்கின்றன, டிரெயின் டேப் எந்தப் பக்கம், ஓவர்ஃப்ளோ குழாய் எங்கே என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். கைப்பிடி போட்டுச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் வண்டியானால் அந்தக் கைப்பிடி போகும் வழி மறைபடக் கூடாது. பலரும் மறப்பது ஃபேன் இடைவெளி. இலையின் முன்விளிம்புக்கும் கோருக்கும் நடுவே இப்போது எத்தனை மி.மீ. இருக்கிறது? இந்த எண்தான் கோர் எவ்வளவு தடிமனாகலாம் என்பதைத் தீர்மானிக்கும். எல்லாப் பக்கத்திலிருந்தும் புகைப்படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள்.

பழைய டேங்க், புதுக் கோர்

பழைய ரேடியேட்டர் கடைகளில் இதைச் செய்து தருவார்கள். ஈயப் பற்றை உருக்கி இரு டேங்குகளையும் பிரித்து, புதுக் கோரின் டியூப் முனைகளைத் தாங்கும் ஹெடர் பிளேட்டில் திரும்பவும் பற்றவைப்பார்கள். போல்ட் துளை, ஹோஸ் கோணம், மூடிக் கழுத்து எதுவும் மாறாது என்பதே இதன் பெரிய பலன். பிறகு சிறு ஒழுகல் வந்தாலும் எந்த ஊரிலும் பற்றவைத்துக்கொள்ளலாம்.

அதற்கு முன் டேங்கின் உடல்நிலையைப் பார்க்க வேண்டும். பித்தளைத் தகடு விரலால் அமுக்கினாலே குழிந்தால் உள்ளிருந்து தேய்ந்து மெலிந்துவிட்டது. ஹோஸ் குழாயின் வேரில் பழைய பற்று மேல் பற்றாகக் குவிந்திருந்தால் சுத்தம் செய்து வெள்ளிப் பற்று போடச் சொல்லலாம், அல்லது குழாயையே மாற்றலாம். மூடிக் கழுத்தின் உட்புற இருக்கை வளைந்திருந்தால் புதுக் கழுத்து வைத்துவிடுங்கள். வளைந்த இருக்கையில் எந்த மூடி போட்டாலும் அடைபடாது.

கடைக்காரர் "ராடு விட்டுத் தருகிறேன், போதும்" என்பார். டேங்கைப் பிரித்து டியூப்களுக்குள் மெல்லிய தகட்டுக் கம்பியை ஓட்டி அடைப்பை எடுப்பது அது. ஃபின்கள் உறுதியாக இருந்து, அடைப்பு சில டியூப்களில் மட்டுமே என்றால் நியாயமான வேலை. டியூப் வாயில் வெண்மையும் பச்சையுமாகப் படலம் பூத்திருந்தால் ஈயப் பற்றே அரிக்கப்படுகிறது என்று அர்த்தம். கம்பி விட்ட கையோடு ஒழுகத் தொடங்கும், எனவே காசை வீணாக்க வேண்டாம்.

வரிசை, தடிமன், ஃபின்

பழைய கோரில் எத்தனை வரிசை டியூப் இருந்ததோ அதையே கேளுங்கள். ஒரு வரிசை கூட்டலாம், அதற்கு மேல் ஆசைப்படுவதில் பயன் குறைவு. முன்வரிசையைத் தாண்டி வரும் காற்று ஏற்கெனவே சூடாகிவிட்டது. பின்னால் போகப்போக ஒவ்வொரு வரிசையும் இறக்கும் சூடு குறையும், காற்று நுழையத் தடையோ கூடும். எஞ்சினோடு சுற்றும் நாலு இலை ஃபேனுக்கு ஐட்லிங்கில் தடிமனான கோர் வழியாகக் காற்றை இழுக்கும் வலு இல்லை. விளைவு: சாலையில் ஓடும்போது அருமையாக இருக்கும் 4 வரிசைக் கோர், அண்ணா சாலை நெரிசலில் பழையதைவிட மோசமாக நடந்துகொள்ளும்.

ஃபின் நெருக்கத்துக்கும் இதே பேச்சு. அங்குலத்துக்கு 10 முதல் 12 ஃபின் நம் தூசிக்கு ஏற்றது. 14, 16 என்று நெருங்கினால் காகிதத்தில் சூடு இறங்கும் அளவு கூடும்; பூச்சியும் செம்மண்ணும் சிக்கி ஓர் ஆண்டில் அந்த லாபம் போய்விடும். முகப்பரப்பைப் பெரிதாக்க இடமிருந்தால் அதற்கு ஈடு இல்லை, ஆனால் பழைய கார்களின் முன்சட்டம் அதற்கு அநேகமாக இடம் தருவதில்லை.

புதிதாக வாங்கினால்

சென்னையில் ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை பக்கம் தேடுபவர்களுக்கு ஒரு காந்தமும் ஒரு குண்டூசியும் பையில் இருக்கட்டும். கறுப்புப் பெயின்ட் அடித்த டேங்கில் காந்தம் ஒட்டினால் அது இரும்புத் தகடு. உள்ளிருந்து துருப்பிடிக்கும். பக்கச் சட்டத்தில் ஒட்டினால் பரவாயில்லை, அது இரும்பாகத்தான் இருக்கும். ஃபின்னை ஊசியால் லேசாகக் கீறுங்கள். செந்நிறம் தெரிந்தால் செம்பு, வெண்மை என்றால் அலுமினியம். டியூப் வரிசை நேராக நிற்கிறதா, ஃபின்கள் ஒவ்வொரு டியூபையும் தொட்டுப் பற்றியிருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

புதுப்பேட்டைப் பழைய சரக்கை அப்படியே மாட்ட வேண்டாம். டேங்குகளுக்காக மட்டும் வாங்கலாம்.

அலுமினிய ரேடியேட்டரைப் பற்றிய வாதம் சூடாகவே நடக்கும். உலோகமாக எடுத்துக்கொண்டால் செம்பு அலுமினியத்தைவிட வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஆனால் பழைய முறையில் டியூபுக்கும் ஃபின்னுக்கும் நடுவே ஈயப் பற்று இருக்கிறது, அது சூட்டை மந்தமாகத்தான் விடும். அலுமினியத்தில் உலையில் வைத்து ஒன்றாக இணைத்துவிடுகிறார்கள், டியூப்களையும் அகலமாகச் செய்யலாம். எடையும் குறைவு. ஆகவே நல்ல அலுமினிய ரேடியேட்டர் நன்றாகவே குளிர்விக்கும்.

சிக்கல் வேறு இடத்தில். போர்வெல் தண்ணீர் ஊற்றினால் உள்ளே குழி குழியாக அரித்துவிடும். எர்த், அதாவது மின்சாரம் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு, சரியில்லாத வண்டியில் மின்னோட்டம் தண்ணீர் வழியாகப் பாய்ந்து சில மாதங்களிலேயே துளைத்துவிடும். ஒழுகினால் தெருமுனைக் கடையில் பற்றவைக்க முடியாது. உடல் முறுகும்போது இறுக்கமாக போல்ட் போட்ட அலுமினியம் மூலையில் விரிசல் விடும், எனவே ரப்பர் புஷ் வைத்துத்தான் மாட்ட வேண்டும். நல்ல கூலன்ட், நல்ல எர்த், ரப்பர் தாங்கி மூன்றையும் ஏற்பாடு செய்யத் தயார் என்றால் போடுங்கள். அப்போதும் பழைய பித்தளை ரேடியேட்டரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வண்டியின் அசல் தன்மையைப் பார்க்கும் கண்காட்சிகளில் அதைத்தான் தேடுவார்கள்.

மூடி

சின்னப் பொருள், பெரிய சேதம். அந்தக் காலக் கார்கள் பெரும்பாலும் 4 அல்லது 7 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்துக்கு வடிவமைக்கப்பட்டவை. கடையில் எளிதாகக் கிடைப்பதோ பார் கணக்கில் 0.9 அல்லது 1.1 என்று பொறித்த இன்றைய மூடி, அதாவது 13 அல்லது 16 பி.எஸ்.ஐ. அதைப் போட்டால் கொதிநிலை உயரும் என்பது உண்மைதான். கூடவே பழைய டேங்கின் ஓரப் பற்று பிரியும், ஹீட்டர் இருந்தால் அதன் கோர் ஒழுகும், வாட்டர் பம்ப் சீல் போகும். பழைய மூடியில் உள்ள எண்ணையோ கையேட்டில் உள்ள எண்ணையோ பின்பற்றுங்கள்.

அழுத்தமே இல்லாமல் ஓட்டுவதும் தவறு. ஒவ்வொரு பி.எஸ்.ஐ.யும் கொதிநிலையைச் சுமார் ஒன்றரை முதல் இரண்டு டிகிரி வரை உயர்த்துகிறது. ஊட்டி உயரத்தில் வெறும் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிக்கும். 7 பி.எஸ்.ஐ. மூடி ஒழுங்காகப் பிடித்தால் 106 வரை தாங்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து இரண்டாவது கியரில் ஏறும் வண்டிக்கு அந்த 13 டிகிரிதான் உயிர். ரப்பர் வெடித்த மூடியை வைத்துக்கொண்டு ரேடியேட்டரைத் திட்டுவதில் பயனில்லை.

கழுத்தின் ஆழத்தையும் அளக்க வேண்டும். விளிம்பிலிருந்து உள்ளிருக்கை வரை 25 மி.மீ. உள்ள ஆழக் கழுத்தும் உண்டு, 19 மி.மீ. உள்ளதும் உண்டு. ஆழக் கழுத்தில் குட்டை மூடியை மாட்டினால் ரப்பர் இருக்கையைத் தொடவே தொடாது. பார்வைக்கு மூடியது போலத்தான் இருக்கும்.

கடையை விட்டுக் கிளம்புமுன்

குழாய்களை அடைத்து, தொட்டித் தண்ணீரில் முக்கி, காற்றேற்றிக் காட்டச் சொல்லுங்கள். 7 பி.எஸ்.ஐ. மூடிக்கு 10 பி.எஸ்.ஐ. சோதனை போதும். கம்ப்ரஸரை முழுசாகத் திறந்துவிட்டால் நல்ல டேங்கும் உப்பிவிடும். ஒரு குமிழிகூட வரக் கூடாது. பிறகு நிரப்பிக் கீழ்க் குழாயைச் சட்டென்று திறந்தால் தண்ணீர் ஒரே பாய்ச்சலாகக் கொட்ட வேண்டும். கறுப்புப் பெயின்ட் மெல்லியதாக, மங்கலாக இருந்தால் போதும். தடித்த எனாமல் பூச்சு ஃபின்களுக்குப் போர்வை போர்த்தியது போலாகிவிடும். பற்றவைக்கப் பயன்படுத்திய ஆசிட் மிச்சம் உள்ளே தங்காமல் நன்றாகக் கழுவி வாங்குங்கள்.

எலெக்ட்ரிக் ஃபேன் தேவையா?

பலரும் யோசிக்காமல் சேர்ப்பது இது. சிறிய 12 வோல்ட் ஃபேனே 8 முதல் 10 ஆம்பியர் இழுக்கும். பழைய லூகாஸ் சி40 வகை டைனமோவின் முழுத் திறனே 22 ஆம்பியர்தான், ஐட்லிங்கில் அது ஏறத்தாழ எதுவும் தராது. ஃபேன் தேவைப்படுவதும் அதே ஐட்லிங்கில்தான். ஆல்டர்னேட்டருக்கு மாறிய வண்டியானால் சரி. ரிலே, ஃப்யூஸோடு போடுங்கள். பாசிட்டிவ் எர்த் உள்ள, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்த, பழைய வண்டியில் ஒயரை வழக்கப்படி கொடுத்தால் ஃபேன் எதிர்ப்புறம் சுற்றி, வரும் காற்றைத் தள்ளிவிடும். கோருக்குள் பிளாஸ்டிக் கட்டுகளைக் குத்தி ஃபேனைத் தொங்கவிடுவது கூடவே கூடாது. அதிர்வில் டியூபை அறுத்துவிடும், தனிச் சட்டம் வைத்து மாட்டுங்கள். அதைவிட மலிவானதும் பலன் தருவதும் ஒன்றுண்டு: ஃபேனைச் சுற்றி ஒரு தகட்டுக் கவுல். கோர் முழுவதிலிருந்தும் காற்றை இழுக்க அது உதவும்.

பொருத்துவதற்கு முன் எஞ்சினைக் கழுவுங்கள்

புது ரேடியேட்டர் ஒரே மாதத்தில் அடைத்துவிட்டது என்ற புகாரின் காரணம் பெரும்பாலும் எஞ்சின் பிளாக்கின் அடியில் தங்கிய துருச் சேறு. பின்பக்கச் சிலிண்டரைச் சுற்றித்தான் அது அதிகம் படியும். பிளாக்கில் உள்ள டிரெயின் டேப்பைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வராவிட்டால் டேப்பையே கழற்றிக் கம்பியால் குத்திவிட வேண்டும்.

பழைய ரேடியேட்டர் மாட்டியிருக்கும்போதே லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து ஊற்றி, எஞ்சின் சூடானபின் 20 நிமிடம் ஓடவிட்டு, ஆறியதும் வடியுங்கள். பிறகு தெளிந்த நீர் வரும்வரை கழுவுங்கள். பாத்ரூம் ஆசிட் பக்கமே போகாதீர்கள். அலுமினியப் பாகம் உள்ள எஞ்சின்களுக்கு இந்த முறையும் வேண்டாம், அதற்கென்று விற்கும் ஃப்ளஷ் போதும். கழுவிய பிறகு, பிளாக்கின் துளைகளை அடைக்கும் வெல்ஷ் பிளக் ஒன்று ஒழுகத் தொடங்கினால் வருத்தப்படாதீர்கள். துரு மட்டுமே அதைத் தாங்கிப் பிடித்திருந்தது, நடுவழியில் போவதைவிட இங்கே போவது நல்லது.

மாட்டுதல்

ரேடியேட்டரைத் தூக்கி வைக்கும்போது ஃபேன் பக்கம் ஓர் அட்டையைச் செருகி வையுங்கள், ஃபின்கள் நசுங்காது. போல்ட்டுகளை முதலில் கையால் மட்டும் திருகி, நான்கு பக்கமும் ஒத்து உட்கார்ந்த பிறகு இறுக்குங்கள். துளை ஒத்துவரவில்லை என்றால் துளையை நீட்டுங்கள், ரேடியேட்டரை முறுக்கி இழுக்காதீர்கள். டேங்க் ஓரப் பற்று அங்கேதான் விடும். ஃபேனைக் கையால் முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். 20 மி.மீ. இடைவெளியாவது வேண்டும், எஞ்சின் மவுண்டிங் ரப்பர் தளர்ந்திருந்தால் அதுவும் போதாது. திடீர் பிரேக்கில் எஞ்சின் முன்னால் சாயும். மவுண்டிங்கை முதலில் மாற்றிவிடுங்கள்.

ஹோஸ்களும் கிளிப்புகளும் புதிதாக இருக்கட்டும். ஹோஸ் நுழைய அடம்பிடித்தால் தண்ணீர் தடவுங்கள். கிரீஸ் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். மேல் ஹோஸ் ரேடியேட்டரில் சேரும் வாயில் நைலான் சாக்ஸ் துண்டு ஒன்றை உள்நோக்கிச் செருகி, அதன் விளிம்பு ஹோஸுக்கு அடியில் மாட்டும்படி கிளிப் போடுங்கள். எஞ்சினில் மிச்சமிருக்கும் துரு அதில் சிக்கும். 50 கிலோமீட்டர் ஓடியதும் கழற்றிச் சுத்தம் செய்து, சேறு வருவது நின்றதும் எடுத்துவிடலாம். மறந்துபோய் விட்டுவிட்டால் அதுவே அடைப்பாகும்.

நிரப்புதல்

ஊட்டி போன்ற மலையூர்களைத் தவிர்த்தால் தமிழ்நாட்டில் உறைபனிக்குக் கவலையில்லை. கூலன்ட் ஊற்றுவது துருத் தடுப்புக்காக. மூன்றில் ஒரு பங்கு கூலன்ட், மீதி டிஸ்டில்டு வாட்டர் போதும். அளவு கூட்டினால் நீரின் சூடு சுமக்கும் திறன் குறையும். செம்பு, பித்தளை, ஈயப் பற்றுக்கு ஏற்றது என்று கேனில் எழுதியிருக்க வேண்டும். நவீன கார்களுக்கான சில நீண்டகால கூலன்ட்கள் பழைய பற்றுக்கும் கேஸ்கட்டுக்கும் ஒத்துவருவதில்லை. ஹீட்டர் டேப் இருந்தால் திறந்துவைத்து மெல்ல ஊற்றுங்கள். மூடி போடாமல் ஐட்லிங்கில் ஓடவிடுங்கள், தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் இறங்கும். மேல் ஹோஸ் திடீரென்று சூடாவதே அடையாளம். அப்போது மீதியை ஊற்றுங்கள்.

ஓவர்ஃப்ளோ பாட்டில் இல்லாத இந்த ரேடியேட்டர்களில் கழுத்து விளிம்பு வரை நிரப்பக் கூடாது. குளிர்ந்த நிலையில் 25 மி.மீ. கீழே நிற்கட்டும். சூட்டில் விரியும் நீருக்கு அந்த இடம் வேண்டும், இல்லையேல் ஒவ்வொரு பயணத்திலும் ஒரு டம்ளர் வெளியே போகும். புது ரேடியேட்டர் ஒழுகுகிறது என்று கடைக்குத் திரும்பி வரும் வண்டிகளில் இந்த வகையும் இருக்கிறது.

கடைசியாக மல்டிமீட்டர். கறுப்பு முனையை பேட்டரியின் எர்த் முனையில் வைத்து, சிவப்பு முனையைக் கூலன்டில் முக்குங்கள், உலோகத்தைத் தொடாமல். எஞ்சின் ஓடும்போதும் விளக்கு எரியும்போதும் 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் கவலை வேண்டாம். 0.3ஐத் தாண்டினால் எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையைக் கழற்றி, துருவைத் தேய்த்து, மறுபடி இறுக்கிவிட்டு அளந்து பாருங்கள். பழைய கூலன்டாலும் இந்த அளவு ஏறும். எல்லா ஸ்விட்சையும் அணைத்த பிறகும் இறங்காவிட்டால் முதலில் கூலன்டை மாற்றுங்கள்.